வாய்க்காலின் கடைசி வீடு

பெர்னடெட்டின் குசினிக்குள்ளால் நீல நிறத்தில் ஒரு கோடு போயிருந்தது. கோயில் மண்டபச் சுவரில் ஒட்டியிருந்த பெரிய வரைபடத்தில் ஊர்ச்சனம் தத்தம் வீட்டை விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தேடவேண்டியிருக்கவில்லை. நாவாந்துறைப் பக்கத்தில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை, அதன் அந்தத்தில் உள்ள கடைசிக் கட்டம் அவளுடைய வீடு. கோடு வடக்கே குளத்தில் தொடங்கி, சோனகதெருப் பக்கத்து வீடுகளுக்குப் பின்னால் வளைந்து, ஒழுங்கையோடு கீழே இறங்கி, அவளுடைய பின்மதிலைத் துளைத்து, சமைக்கிற குசினியைக் கடந்து கடலில் முடிந்தது.

வரைபடத்தைக் கொண்டுவந்தவள் சுபாஜினி. நகரத் திட்டமிடல் கந்தோரில் வேலை. கொக்குவிலிலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகிறவள். கடதாசியைப் பார்க்காமல் சனத்தின் முகத்தைப் பார்த்துக் கதைத்தாள். யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு ஆறு கிடையாது, மழைத்தண்ணீரைக் குளங்களில் தேக்கி, மிஞ்சியதை வாய்க்கால் வழியே கடலுக்கு விட்டுத்தான் முந்தின ஆட்கள் ஊரை வைத்திருந்தார்கள் என்றாள். பாதிக் குளங்கள் தூர்ந்துபோயின, வாய்க்கால்களின் மேல் கடையும் வீடும் வந்துவிட்டன. மழையோ முந்தி ஒரு கிழமையில் பெய்ததை இப்போது ஒரு பகலில் கொட்டுகிறது. இந்த வாய்க்கால் மேல்பக்கத்தில் வெள்ளைக்கல்லால் கட்டப்பட்ட மிகப் பழையது, அதைக் கடல்வரைக்கும் திறந்து பழையபடி பேணப்போகிறோம் என்றாள். பெர்னடெட் எல்லாவற்றையும் கேட்டாள். அவ்வளவும் சரியாகத்தான் பட்டது. தன்னுடைய குசினி நடுவில் இல்லாதிருந்தால் அவளும் கைதட்டியிருப்பாள்.

சனம் கலைந்த பிறகு கிட்டப் போய்க் கேட்டாள்.

"அப்ப எங்கடை வீடு, பிள்ளை?"

"மாற்றுக் காணி தராமல் உங்களை எழுப்பேலாது, அம்மா. அது திட்டத்திலையே இருக்கு."

"எப்ப தருவினம்?"

சுபாஜினி பொய் சொல்லவில்லை. "அது எனக்குத் தெரியாது," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாரி வந்துபோயிற்று. வீடு ஒரு பக்கமும் அசையமுடியாமல் நின்றது.

அது மகள் லவீனாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. மருமகன் ஜஸ்ரின் கொடிகாமத்துப் பெடியன், மேசன். ஊரெல்லாம் மாடி வீடு கட்டிக் கொடுக்கிற அவனுக்கு மனைவியின் வீட்டில் ஓர் அறை இழுத்துக் கட்ட அனுமதி கிடைக்கவில்லை. காணி நீலக் கோட்டுக்குள் இருக்கிறது, இருக்கிறதைத் திருத்தலாம், இல்லாததைக் கட்டமுடியாது என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். கோட்டைக் கண்டதும் வங்கியும் கையை விரித்தது. விற்கலாமென்று பார்த்தால், வாங்க வந்த ஒரே ஒருவர் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, விறாந்தையில் நின்று கடலைப் பார்த்து, நல்ல காற்று என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆக, இரண்டு அறையும் ஒரு குசினியும் ஒரு விறாந்தையுமாக அந்த வீட்டுக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். ஓர் அறையில் லவீனாவும் கைக்குழந்தையும் ஜஸ்ரினும். மற்ற அறை வலையும் கயிறும் மிதப்புக்கட்டையும் என்ஜினும் வைக்கிற இடம். அதற்குள் ஒரு பாயைச் செருகிப் பெர்னடெட் படுப்பாள். புருசன் செபநாயகம் விறாந்தையில். தாயும் மகளும் ஒருநாள் வாய்விட்டுச் சண்டை பிடிக்கக்கூட அந்த வீட்டில் இடம் போதாது. லவீனா கோபத்தைச் சட்டி கழுவுகிற சத்தத்தில் காட்டுவாள். ஜஸ்ரின் சாப்பிட்ட கையோடு ஒழுங்கைக்குப் போய்விடுவான்.

மாற்றுக் காணி என்று ஒருமுறை கந்தோர் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய, கடலில்லாத ஊர். செம்மண், பனங்கூடல், நல்ல தண்ணீர்க் கிணறு. லவீனாவுக்குப் பிடித்துவிட்டது, எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று ஜஸ்ரினோடு நடந்து பார்த்தாள். செபநாயகம் வான் நிழலிலேயே நின்றார்.

"தோட்டக்காரருக்கு நல்ல இடம்," என்றார் திரும்பி வரும்போது. "அங்கையிருந்து முதல் பஸ் பிடிச்சு நான் துறைக்கு வாறதுக்குள்ளை வலையிலை கிடக்கிற நண்டு செத்துப்போம். செத்த நண்டைக் கொம்பனி எடாது."

லவீனா தகப்பனோடு கதைக்காமல் ஒரு கிழமை இருந்தாள். பிறகு அந்தக் காணிக்கே வேறு யாரோ உரிமை கேட்டு வழக்குப் போட்டிருப்பதாகத் தெரியவந்தது. போக விரும்பியவளும் போக விரும்பாதவரும் ஒரே வீட்டுக்குள் பழையபடி இருந்தார்கள்.

பெர்னடெட் வேலை செய்தது நண்டுக் கொம்பனியில். விடியக் கொம்பனி வான் ஒழுங்கை முகப்புக்கு வரும். வெள்ளைச் சப்பாத்தும் தலைக்குத் தொப்பியும் போட்டுக்கொண்டு, அவித்த நண்டைப் பிளந்து, ஓட்டுத்துண்டு ஒன்றும் வராமல் தசையை மட்டும் எடுத்து வைக்கவேண்டும். எத்தனை சவுக்காரம் போட்டாலும் விரலை விட்டு மணம் போகாது. பேரன் அந்த விரலைத்தான் பிடித்துக்கொண்டு நித்திரையாவான்.

அவள் இந்த நிலத்துக்கு வந்தது பதினைந்து வயதில். மண்டைதீவில் சண்டை வந்தபோது தாய் தகப்பனோடு வள்ளத்தில் ஏறி இக்கரைக்கு வந்தார்கள். அப்போது இங்கே வாய்க்கால் இருந்தது. அதன் கரையில் கிடுகுக் கொட்டில் போட்டார்கள். அதே வருசம் ஐப்பசியில், மேலே சோனகதெருவில் இருந்த முஸ்லிம் சனத்தை இயக்கக்காரர் சில மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். கையில் கொண்டுபோகக்கூடியதோடு எல்லோரும் போனார்கள். அந்த மாரியில் தண்ணீர் ஆளில்லாத வீடுகளுக்குள் போய் நின்றது. முறையிட ஒருவரும் இருக்கவில்லை. பிறகு வந்த வருசங்களில் இடிந்த வீட்டுக் கல்லும் மண்ணும் வாய்க்காலுக்குள் விழுந்தன. பெர்னடெட் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போய்த் திரும்பி வந்தபோது அது சமதரையாகக் கிடந்தது. அதன்மேல்தான் அவளும் செபநாயகமும் குடும்பமானார்கள். சண்டை முடிந்த பிறகு வீட்டுத்திட்டம் வந்தது. உத்தியோகத்தர்கள் வந்து அளந்து கையெழுத்து வைத்தார்கள், கரண்டு வந்தது, குழாய் வந்தது. இது வாய்க்கால் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போக அவர்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை.

அன்றைக்குப் போகச் சொல்லப்பட்டவர்களில் சுஹைரும் மனைவி ஸக்கியாவும் அதே காலத்தில்தான் புத்தளத்திலிருந்து திரும்பி வந்தார்கள். மேல்தெரு என்கிற சோனகதெருவில், ஸக்கியாவின் தகப்பன் கட்டிய வீடு. கூரையில்லாமல் சுவர் மட்டும் நின்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பினார்கள். சுஹைர் சந்தியில் சைக்கிள் சாமான் கடை போட்டான். முதல் மாரியிலேயே வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தண்ணீர் போன வழியைத் தேடிக்கொண்டு ஒழுங்கையால் இறங்கி வந்தவன், பெர்னடெட்டின் வீட்டைக் கண்டு நின்றான். அவள் யாரென்று கேட்டுக் கதிரை போட்டாள். தேத்தண்ணியைக் குடித்தான், குசினிச் சுவரைப் பார்த்தான், கோப்பையை வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பழக்கம் வந்தது. நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் கீழே வரும், நத்தார்ப் பெருநாளுக்குக் கேக் மேலே போகும். தண்ணீரைப்பற்றி மட்டும் இரண்டு பகுதியும் கதைப்பதில்லை.

போன வருசத்து மாரியில் தண்ணீர் பெர்னடெட்டின் வீட்டுக்குள்ளும் வந்து, பிறந்து சில கிழமையான குழந்தையின் பாயை நனைத்தது. மழை விட்டதும் ஜஸ்ரின் பின்மதிலைச் சீமெந்துக் கல்லால் நெஞ்சளவுக்கு உயர்த்தி, அடியில் தண்ணீர் புக ஒரு பொட்டும் இல்லாமல் பூசினான். இருக்கிற மதிலைத் திருத்துவதைக் கந்தோர் தடுக்கவில்லை. அதன்பிறகு வந்த மழைகளுக்குக் கீழ்வீடு நனையவில்லை. மேல்தெருவில் தண்ணீர் முன்னையிலும் உயர்ந்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

இந்த வருசம் மாரி தொடங்கமுன் சுஹைர் வந்தான். விறாந்தைக்கு முன்னால் செபநாயகம் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். பெர்னடெட் பக்கத்தில் இருந்து நண்டுக் காலை மடக்கிக் கட்டிக் கூடைக்குள் போட்டாள்.

"அண்ணை, மதிலின்ரை அடியிலை ஒரு கண் விடுங்கோ," என்றான் சுஹைர். "ரெண்டு கல்லுக் கழட்டினால் காணும்."

"கழட்டினால் தண்ணி எங்கை போறது, தம்பி? என்ரை குசினிக்குள்ளை. அங்காலை பேரன் படுக்கிற அறை."

"ஸக்கியாவுக்குச் சீனி வருத்தம். கால்விரல் ஒண்டு எடுத்திருக்கு. புண் காயேல்லை. இந்த ஊத்தைத் தண்ணி பட்டால் காலையும் எடுக்கவேண்டி வரும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

செபநாயகம் கையில் இருந்த நண்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "நானும் ஊரை விட்டு எழும்பி வந்தவன்தான்," என்றார்.

"அது எனக்குத் தெரியாதே, அண்ணை?"

பெர்னடெட் ஒரு பையில் கொஞ்சம் ஓரா மீன் போட்டுக் கொடுத்தாள். சுஹைர் அதை வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனான். அன்று முழுதும் செபநாயகம் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவளும் மதிலைப்பற்றி வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

கார்த்திகைக் கடைசியில் தாழமுக்கம் என்று றேடியோவில் சொன்னார்கள். வள்ளங்களைக் கரையில் ஏற்றிக் கட்டினார்கள். பின்னேரம் தொடங்கிய மழை விடியும்போதும் விடவில்லை. துமியோ தூறலோ இல்லை. கூரைத் தகட்டில் விழுகிற சத்தத்துக்கு மேலால் ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்காது. வாடைக்காற்றில் கடல் பெருகித் துறைவரை ஏறியிருந்தது. கொம்பனி வான் வரவில்லை. வீட்டில் நேற்றைய பாணும் சம்பலும் இருந்தன. அதைப் பிய்த்துத் தின்றுகொண்டு எல்லோரும் குசினி யன்னலால் பின்மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதிலுக்கு அப்பால் தண்ணீர் நெஞ்சளவு நின்றது. பூச்சு வெடித்த இடங்களில் நூலாகக் கசிந்தது.

காலை பத்து மணி போல மேல்தெருவிலிருந்து ஒரு கூட்டம் தண்ணீரை உழக்கிக்கொண்டு ஒழுங்கையால் வந்தது. நாலைந்து பேரின் கையில் கல் பெயர்க்கிற அலவாங்கு. சுஹைர் முன்னால் வந்தான். அவன் கை வெறுங்கை. செபநாயகம் வீட்டைச் சுற்றி ஓடிப்போய் மதிலில் முதுகை வைத்துக்கொண்டு நின்றார். சத்தம் கேட்டு ஒழுங்கைச் சனமும் இறங்கியது.

வந்தவர்கள் முதலில் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகளை ஏற்றியிருக்கிறோம், அங்கேயும் தண்ணீர் வருகிறது, இதைத் திறந்தால்தான் வடியும் என்றார்கள். ஒழுங்கைச் சனம் அது எங்கள் வீடுகளுக்குள் வரும் என்றது. குரல்கள் உயர்ந்தன. கீழ்ப்பக்கத்தில் நின்ற ஒருவன், திரும்பி வந்த நாளிலிருந்து இவர்களால் கரைச்சல்தான் என்று தொடங்கினான்.

"வாயை மூடு," என்றார் செபநாயகம் மதிலில் நின்றபடி. "உனக்கு இதிலை கதை இல்லை." பிறகு சுஹைரைப் பார்த்தார். "உடைக்கிறதெண்டால் நான் நிக்கேக்கை உடையுங்கோ, தம்பி."

அலவாங்கு வைத்திருந்தவர்கள் சுஹைரைப் பார்த்தார்கள். அவன் முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க மழை வழிந்தது.

பெர்னடெட் அவனிடம் போனாள். "ஸக்கியா எங்கை?"

"வீட்டிலை. மேசைக்கு மேலை ஏத்தி விட்டிருக்கிறன்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேல்லையோ?"

"வரமாட்டன் எண்டு நிக்கிறாள், அக்கா. நீங்கள் ஒருக்கா வந்து சொல்லிப் பாருங்கோ."

அவள் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு மேல்தெருவுக்கு நடந்தாள். யாரும் மறிக்கவில்லை. மேலே போகப் போகத் தண்ணீர் தொடைக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு. கதவுகள் திறந்துகிடந்தன. ஒரு வீட்டில் அலுமாரியின் மேல் இரண்டு பிள்ளைகள் குந்தியிருந்து அவளைப் பார்த்தன. வாங்கு, வாளி, கோழிக்கூடு எல்லாம் ஓடாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. இந்தத் தண்ணீருக்குப் போக வழி தெரியவில்லை என்பது பார்க்கவே விளங்கியது.

ஸக்கியா சாப்பாட்டு மேசையின் மேல் கதிரை வைத்து அதில் இருந்தாள். தண்ணீர் மேசை விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. இடது காலைக் கதிரைக் கைப்பிடியில் தூக்கி வைத்து, மேல் இரண்டு பொலித்தீன் பை போட்டுச் சைக்கிள் ரியூப்பால் கட்டியிருந்தாள்.

"வள்ளத்தைக் கொண்டுவரச் சொல்லுறன்," என்றாள் பெர்னடெட். "ஏறு. ஆஸ்பத்திரியிலை விட்டிட்டு வருவம்."

"நான் ஏறமாட்டன், அக்கா."

"விசர்க் கதை கதையாதை."

"ஒருக்கா இந்த வீட்டை விட்டு எழும்பினனான். பின்னேரம் திரும்பி வரலாம் எண்டு நினைச்சு உம்மா உலையை இறக்கி மூடி வைச்சிட்டு வந்தவ. திரும்பி வர இருபது வரியம் பிடிச்சுது. உம்மா வரேல்லை." ஸக்கியாவின் குரல் உயரவில்லை. "கால் போனால் போகட்டும். நான் இதாலை எழும்பமாட்டன்."

பெர்னடெட்டுக்குக் கோபம் வந்தது. "அப்ப எங்கடை மதிலை உடைக்கச் சொல்லி என்னட்டைக் கேள்."

"கேக்கமாட்டன்."

"ஏன்?"

"எழும்புங்கோ எண்டு சொன்னவையின்ரை வாயை நான் பார்த்தனான், அக்கா. நீங்களும் பார்த்திருப்பியள். அந்தச் சொல்லு என்ரை வாயாலை வராது. சொன்னால் நீங்கள் எங்கை போவியள்?"

பெர்னடெட் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். ஏசிவிட்டு வந்திருக்கலாம். ஒரு நீர்ச்சாரை சுவர் ஓரமாக நெளிந்து போயிற்று. ஸக்கியா அதைப் பார்த்துக் காலை இன்னும் கொஞ்சம் தூக்கினாள். மேசையில் ஏறமுன்னரே தண்ணீர் பையின் முடிச்சுக்குக் கீழே உள்ளே போயிருந்ததை இருவரும் கண்டார்கள்.

திரும்பி வந்த வழி பெர்னடெட்டுக்கு நினைவில்லை. வந்ததும் ஜஸ்ரினைத் தேடினாள். அவன் குசினிக்குள் நிலத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நிலத்துக்கு அடியால் தண்ணீர் அரித்து வருகிறது என்றான்.

"மதிலை உடைச்சால் என்ன நடக்கும்?"

"மதிலை மட்டும் உடைச்சால் தண்ணி குசினிச் சுவரிலை வந்து அடிச்சு ரெண்டு பக்கமும் பிரியும், மாமி. அத்திவாரம் நிக்காது. ஒழுங்கை வீடுகளுக்கும் போகும். போகவிடுறதெண்டால் நேராப் போகவிடவேணும். குசினியின்ரை முன்சுவரும் பின்சுவரும் முதல் போகவேணும்." அவன் எழும்பினான். "ஆனால் ஒண்டு. இருக்கிறதைத் திருத்தலாம் எண்டுதான் அவை சொன்னவை. உடைச்சால் அது இல்லாததாப் போம். பிறகு ஒரு கல்லு வைக்க விடமாட்டினம்."

"தெரியும்."

வீடு லவீனாவுடையது. பெர்னடெட் அறை வாசலில் போய் நின்றாள். லவீனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தாள். எல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது. இந்த வீட்டை விட்டுப் போகவேணும் என்று இரண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"இது ஒண்டுதான் நீங்கள் எனக்குத் தந்தது, அம்மா," என்றாள்.

"ஓம்."

ஸக்கியா தன்னிடம் கேட்காதது போலப் பெர்னடெட்டும் மகளிடம் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. லவீனா அழுவாள் என்று நினைத்தாள், அவள் அழவில்லை. குழந்தையின் சாமான்களை ஒரு பைக்குள் போட்டு, துவாயால் அதன் தலையை மூடிக்கொண்டு எழும்பினாள். வாசலைக் கடக்கும்போது, "குசினிச் சாமானைக் கெதியா எடுங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு, மேட்டில் இருந்த பக்கத்து வீட்டுக்கு மழைக்குள்ளால் போனாள்.

செபநாயகம் இன்னும் மதிலில்தான் நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"இஞ்சாருங்கோ, தள்ளுங்கோ," என்றாள் பெர்னடெட்.

"பிறகு எங்கை போறது?"

"போக இடமில்லை. எனக்கும் தெரியும். தள்ளுங்கோ."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மதிலைவிட்டு விலகி நடந்தார். அலவாங்கை அவர் தொடவில்லை. குசினிக்குள் போய், காஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மாதா படத்தையும் உப்புப் போத்தலையும் பெர்னடெட் எடுத்தாள். உரல், அம்மி, சட்டிபானை, அரிசி வாளி எல்லாம் கைக்குக் கை மாறின. மேல்தெருவால் வந்தவர்களும் சேர்ந்து தூக்கினார்கள்.

ஜஸ்ரின் முதலில் கடற்பக்கச் சுவரில் அலவாங்கைப் போட்டான். பிறகு வடக்குச் சுவர். எந்தக் கல்லைத் தட்டினால் எது விழும் என்று அவனுக்குத் தெரியும். சுஹைரும் மற்றவர்களும் அவன் சொன்ன இடத்தில் இடித்தார்கள். கூரைத் தகட்டைக் கயிறு கட்டி இழுத்தார்கள். கடைசியாக மதில். தான் பூசிய பூச்சை உடைக்க ஜஸ்ரினுக்கு அதிக நேரம் எடுத்தது; நல்லாகத்தான் பூசியிருந்தான். அடிக்கல் ஒன்று அசைந்ததும் எல்லோரையும் விலகச் சொன்னான்.

தண்ணீர் முதலில் கல் அசைந்த பொட்டால் குழாய் போலப் பீறியது. பிறகு மதிலின் நடுத்துண்டு அப்படியே மல்லாந்து விழுந்தது. மண்ணிறத் தண்ணீர் குசினி நின்ற இடத்தால் இரைந்துகொண்டு போய்க் கடலில் விழுந்தது. அதோடு மேல்தெருவின் செருப்பும் தென்னம்மட்டையும் பிளாஸ்ரிக் போத்தலும் பள்ளிக்கூடக் கொப்பிகளும் போயின. குசினிச் சீமெந்துத் தரை தகடு தகடாகப் பெயர்ந்து போயிற்று. வீட்டின் இரண்டு அறையும் ஒரு பக்கம், விறாந்தை மறுபக்கம், நடுவில் ஆறு. சுஹைர் பெர்னடெட்டைப் பார்த்து நன்றி சொல்லக் கையெடுக்கப் போனான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின்னேரம் மேல்தெருவில் றோட்டுத் தெரிந்தது. ஸக்கியாவை அன்றே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தெருவில் தண்ணீர் இல்லை என்று கண்ட பிறகுதான் அவள் ஏறினாள். இன்னொரு விரலை எடுத்தார்கள். கால் மிஞ்சியது.

மழை விட்டுச் சில நாளில் சுபாஜினி வந்தாள். ஸ்கூட்டரை ஒழுங்கையில் விட்டுவிட்டு, சேற்றுக்குள்ளால் நடந்து வந்து, வெட்டின் கரையில் நின்றாள். தரை பெயர்ந்த இடத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக்கல் வரிசை தெரிந்தது. அறைச்சுவர் அந்தக் கல்லின் மேலேயே நின்றது. அவள் குனிந்து ஒரு கல்லைத் தொட்டாள். மேல்பக்கத்தில் உள்ளதைப் போலவே கடல்வரை கட்டியிருக்கிறார்கள் என்று மெல்லச் சொன்னாள். அடுத்த கிழமை வேறு ஆட்கள் வந்து படம் பிடித்தார்கள், அளந்தார்கள், மரபுச் சின்னம், ஒருவரும் கை வைக்கக்கூடாது என்று ஒரு பலகை நட்டார்கள்.

சுபாஜினி அவர்களோடு வரவில்லை. தனியாக இன்னொரு நாள் வந்தாள். பெர்னடெட் வலை அறைக்குள் அடுப்பு வைத்துக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டு, வலைக் குவியலின் மேல் இருக்க இடம் கொடுத்தாள்.

"ஒண்டு சொல்லவேணும், அம்மா. வேறை ஆரும் சொல்லி நீங்கள் அறியக்கூடாது," என்றாள் சுபாஜினி. "மாற்றுக் காணி வாய்க்காலை மறிக்கிற வீடுகளுக்குத்தான் முதல். உங்கடை வீடு இப்ப மறிக்கேல்லை."

செபநாயகம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பது போல ஒரு சத்தம் போட்டார்.

"அப்ப திரும்பிக் கட்டலாமோ?"

"கட்டேலாது, ஐயா. கல்லு வெளியிலை வந்திட்டுது. முந்தியிலும் பார்க்க இப்ப இறுக்கம்."

"போகவும் ஏலாது. கட்டவும் ஏலாது."

"நான் எழுதியிருக்கிறன், ஐயா. அவையே திறந்து விட்டவை, அவைக்குத்தான் முதல் குடுக்கவேணும் எண்டு ரெண்டு தரம் எழுதிப்போட்டன். அப்பிடி ஒரு பிரிவு இல்லையாம்."

அவளுக்குக் கண் கலங்கியது. பெர்னடெட் ஒரு கோப்பையில் கூழ் வார்த்துக் கொடுத்தாள். "குடி, பிள்ளை. ஆறப்போகுது." சுபாஜினி தலை நிமிராமல் குடித்தாள். உறைப்பில் மூக்கை உறிஞ்சினாள். போகும்போது மூன்றாம் தரமும் எழுதுகிறேன் என்றாள். எழுதுவாள் என்று பெர்னடெட்டுக்குத் தெரியும்.

நத்தாருக்கு முன்னரே ஜஸ்ரின் லவீனாவையும் குழந்தையையும் கொடிகாமத்துக்குத் தன் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அரித்துப்போன அறைக்குள் குழந்தையை வைத்திருக்கப் பயம் என்றான், அது நியாயம்தான். லவீனா தாயையும் வரச்சொன்னாள். தகப்பன் தனியே சமாளிப்பார், அங்கேயிருந்து கொம்பனிக்கு வானும் வருகிறது என்றாள். பெர்னடெட் பார்ப்பம் என்றாள். பஸ் ஏறும்போது குழந்தை அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. லவீனாதான் ஒவ்வொரு விரலாகக் கழற்றிவிட்டாள்.

போகமுடியாததற்குக் காரணம் செபநாயகம் மட்டுமில்லை. மழை தொடங்கினால் மேல்தெருவின் குப்பை எல்லாம் தண்ணீரோடு வந்து, கடலுக்குள் விழுகிற இடத்தில், வீட்டின் இரண்டு பாதிக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். யாராவது நின்று வாரி இழுக்கவேண்டும். இழுக்காவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் தண்ணீர் இரண்டு அறைக்குள்ளும் ஏறும். பிறகு மேலே நிற்கத் தொடங்கும். மாநகரசபை ஆட்கள் மழை விட்ட பிறகுதான் வருவார்கள். இதை அவளுக்கு ஒருவரும் வேலையாகக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் இருப்பவள் அவள்.

தை பிறக்கமுன் ஒரு மத்தியானம் மறுபடி மழை பிடித்தது. செபநாயகம் விறாந்தைப் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பெர்னடெட் அறைப்பக்கத்தில் சோற்றை வடித்தாள். இரண்டு பாதிக்கும் நடுவில் போட்டிருந்த பலகையைத் தண்ணீர் மூடிவிட்டது. அவருக்குச் சோறு கொடுக்க வழியில்லை. பொறுங்கோ என்று கையால் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு வலையைக் கையில் எடுத்தார்.

அவள் குப்பை வாரியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் குளிர்ந்தது. பைகள், தென்னோலை, ஒரு கிழிந்த மெத்தை. மெத்தையை இழுக்க அவளால் முடியவில்லை. அப்போது மறுகரையில் சுஹைர் வந்து இறங்கினான். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருக்கவேண்டும், கையெல்லாம் கிறீஸ். அவனும் ஒரு வாரி கொண்டுவந்திருந்தான். மெத்தையின் மற்ற முனையைக் கொழுவி இழுத்தான். அது கழன்று வந்ததும் தண்ணீர் கடலை நோக்கிக் குதித்தது.

"காணி விசயம் ஏதும் சொன்னவையோ, அக்கா?" என்று கேட்டான்.

"இல்லை."

"ஸக்கியா இஞ்சை வரவேணும் எண்டு நிக்கிறாள். நடக்கத் தொடங்கினதும் வருவாள்."

"ஆறுதலா வரட்டும்."

அறைக்குள் தொலைபேசி அடித்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஏறிப்போய் எடுத்தாள். லவீனா. கொடிகாமத்தில் மழை இல்லையாம், வானம் மட்டும் இருட்டியிருக்கிறதாம். குழந்தை சுவரைப் பிடித்து எழும்பி நின்றானாம். பின்னால் அவன் ஏதோ சத்தம் போடுவது கேட்டது.

"நீங்கள் எப்ப வாறியள், அம்மா?"

பெர்னடெட் வாசலால் பார்த்தாள். சுஹைர் குனிந்து வாரிக்கொண்டிருந்தான். அங்கால் செபநாயகம் பசியோடு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வடியட்டும், பிள்ளை," என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு மறுபடி இறங்கினாள். மேலே வடிய வடிய, இங்கே வந்துகொண்டிருந்தது.